சாமி தூக்கும் நடை

டாக்டரம்மா ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் என் மகனின் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். அசையவில்லை. அடுத்த காலும் அப்படியே, கொடியில் காயப்போட்ட சட்டையின் கை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“நல்ல புள்ள டாக்டர். அடிச்சாக்கூட திருப்பி உதைக்க மாட்டான்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காரச் சொன்னார். அதே சுத்தியலால் என் முழங்காலில் ஒரு தட்டு. என் கால் தானாகத் துள்ளி, அங்கே இருந்த குப்பைக்கூடையை உதைத்துக் கவிழ்த்தது.

“இப்படி வரணும்” என்றார் டாக்டர்.

மகன் கைதட்டிச் சிரித்தான். நான் குனிந்து பஞ்சையும் காகிதத்தையும் பொறுக்கிக் கூடையில் போட்டேன். சுமதி, என் மனைவி, என்னைப் பார்க்கவே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு தடித்து, நம்முடைய உதடு மாதிரியே இருக்காதே, அப்படி ஒன்று அந்த நிமிடத்தில் எனக்குள் ஆரம்பித்தது. பேசலாம், சாப்பிடலாம். கடித்துக்கொண்டால் மட்டும் தெரியாது.

போன மாதம் அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் புதிதாக வந்திருந்த ஒரு தகப்பன், “உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டான். அரை மணி நேரம் பேசினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான். ஒரு உபயோகமான வார்த்தைகூட நான் சொல்லவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் மயிலும் யாளியும் வரைந்து, அதைத் தறிக்கு மேலே மாட்டி, எந்த இழை எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற ஓட்டை போட்ட அட்டைகளாக மாற்றித் தருவது என் பிழைப்பு. வருடத்தில் பத்து நாள் எனக்கு வேறு வேலை உண்டு. பங்குனித் திருவிழாவில் எங்கள் தெரு ஆட்கள் சிவன் கோயில் சாமியைத் தோளில் தூக்குவோம். எனக்குச் சாமியைத் தாங்கும் மரத்தண்டில் முன்பக்கம் இரண்டாவது இடம். சாமி தூக்குவதற்கென்று ஒரு நடை இருக்கிறது. காலை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, உடம்பை ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் சாய்த்து அடி வைக்க வேண்டும். சாமி ஆடி அசைந்து வருவது அப்படித்தான்.

போன வருடம் திருவிழா முடிந்த சில வாரங்களில் என் மகன் மித்ரன் அதே மாதிரி நடக்க ஆரம்பித்தான். அப்போது அவனுக்கு நாலரை வயது. காலை அகட்டி வைத்து, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு.

“பாத்தியாடி உம் புள்ளைய! சாமி தூக்கினு வர்றான்!”

பெருமை தாங்கவில்லை எனக்கு. ஒட்டடைக் கம்பை அவன் தோளில் வைத்தேன். எங்களோடு இருக்கும் மச்சினி கீதாவின் துப்பட்டாவைக் குடையாகப் பிடித்தேன். தெருவே வந்து பார்த்தது. நான் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே “பராக்! பராக்!” என்று கத்தி வீடியோ எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். கீழே ஐம்பது கும்பிடு வந்து விழுந்தது.

இன்னொன்றும் இருந்தது. வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும்போது, கண்ணை மூடிக் கை கூப்பினால் மித்ரன் அப்படியே சாய்ந்து விழுவான். முகம் கழுவக் கண்ணை மூடினாலும் வாளியைப் பிடித்துக்கொள்வான். சுமதி இரண்டு தடவை சொன்னாள், “மாமா, இவன் ஏன் இப்படி விழுறான்?” என்று.

“பக்தி முத்திப்போச்சுடி. அருள் வந்துடுது” என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். என்னோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு வேறு வழி இல்லை.

சிரிக்காத ஒரே ஆள் இப்ராஹிம் பாய். ஜரிகைக் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆடி மாதம் ஒருநாள் மித்ரனை அவர் கடைக்குக் கூட்டிப்போய், “நடந்து காட்றா பாய்க்கு” என்று விட்டேன். அவன் கல்லாவிலிருந்து வாசல்வரை நடந்தான். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி நட ராஜா.”

நடந்தான்.

“குமாரு, இது எத்தினி நாளா?”

“திருவிழா பாத்ததுல இருந்து பாய். நம்ம ரத்தம், சும்மாவா?”

“அரே, நிறுத்துப்பா. உங்க சாமி எங்க கடை வாசல்லதான் நிக்குது. நாப்பது வருசமா பாத்துக்கினு இருக்கேன். நீங்க ஆடுற ஆட்டத்துல ஒரு தாளம் இருக்குது. இவன் ஆட்டத்துல தாளம் இல்லையே. புள்ள ஆடலப்பா. தடுமாறுறான்.”

நான் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். என்ன என்று நினைவில்லை. நினைவில்லாமல் போனதே நல்லது.

உள்ளூர் டாக்டர் ஒரு வாரம் சத்து டானிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கான நரம்பு டாக்டரைப் பார்க்கச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். பாய் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார். ஒன்றரை வயது மகள் யாழினியைக் கீதாவிடம் விட்டுவிட்டுப் போனோம். சுத்தியல் கதை அங்கே நடந்ததுதான்.

சுத்தியலுக்குப் பிறகு டாக்டரம்மா மித்ரனைக் காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றான், லேசாக ஆடிக்கொண்டு. “இப்ப கண்ணை மூடு கண்ணா” என்றார். மூடினான். மரம் சாய்கிற மாதிரி அவர் மடியில் விழுந்தான்.

எனக்கு விளக்கிச் சொன்னார். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி பாதத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இவனுக்கு அது சரியாகப் போகவில்லை. கண்ணால் தரையைப் பார்த்துச் சமாளிக்கிறான். கண்ணை மூடினால் சமாளிக்க முடியாது. எங்கள் வீட்டில் அருள் வந்தது இப்படித்தான்.

“எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு வேகமா கூடியிருக்குன்னு தெரியணும். நடக்கிற வீடியோ ஏதாவது இருக்கா?”

இருந்தது. பதினொன்று.

போனைக் கொடுத்தேன். டாக்டர் தேதி வரிசையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தச் சின்ன அறை முழுக்க என் குரல். ‘பராக்! பராக்!’ அடுத்தது. ‘ஏய், சாமி சாயுதுடா, முட்டுக் கொடுங்கடா!’ என் சிரிப்பு. ஏழாவது வீடியோவில் அவன் விழுகிறான். அவனைத் தூக்காமல் நான் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோகிறேன். ‘சாமி கவுந்துச்சு! ஊருக்கு ஆகாது!’

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “சத்தத்தைக் குறைச்சுக்கட்டுமா?”

“வேணாம் டாக்டர். ஓடட்டும்.”

பதினொன்றும் ஓடி முடிந்தது. சுமதி முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். “நல்லவேளை எடுத்து வெச்சீங்க. மாசாமாசம் எவ்வளவு மாறியிருக்குன்னு தெளிவா தெரியுது” என்றார் டாக்டர். அவர் பெருந்தன்மைக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, இன்றுவரை கேட்கவில்லை.

அட்மிட் ஆனோம். தலைக்கு ஸ்கேன். அசையாமல் இருக்க மயக்கம் கொடுத்து, ஒரு குகைக்குள் தள்ளினார்கள். கால் நரம்பில் லேசான மின்சாரம் வைத்து, செய்தி எத்தனை வேகத்தில் போகிறது என்று பார்த்தார்கள். மித்ரன் அழுதான். நான் பொம்மைக் குரலில் பேசிக்கொண்டே இருந்தேன். என் வாய் அந்த நாட்களில் என் முழங்கால் மாதிரி ஆகிவிட்டது. யாராவது தட்டினால் தானாக ஒரு ஜோக் துள்ளியது. உள்ளே யாரும் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து எதிர்ச்சுவர் டைல்ஸை எண்ணுவேன். எண்ணி முடித்து, எத்தனை என்று மறந்துவிட்டு, மறுபடி எண்ணுவேன். அழுகை வரவில்லை. பயம்கூட எங்கேயோ பக்கத்து வார்டில் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் இரண்டு பெயர்கள் எனக்குப் புதிது. வைட்டமின் ஈ, செலினியம். டாக்டர் சொன்னது இது. நரம்பின் மேலே கொழுப்பாலான ஒரு உறை இருக்கிறது. அது கெட்டுப்போகாமல் காப்பது வைட்டமின் ஈ. செலினியம் என்பது மண்ணிலிருந்து தானியத்துக்கும், முட்டைக்கும் மீனுக்கும் வருகிற ஒரு தாதுப்பொருள். துளியூண்டு போதும், ஆனால் இல்லாமல் முடியாது. அதுவும் இந்தக் காவல் வேலையில் கூட்டாளி. அது குறைந்தால் தசையும் இதயமும் பலவீனமாகும். குழந்தை தள்ளாடினால் நரம்பா, தசையா என்று பார்க்க வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்றார்.

செலினியத்துக்கு நீல மூடி போட்ட தனிக் குழாய். சாதாரணக் குழாயில் எடுத்தால் குழாயில் ஒட்டியிருக்கும் தாதுவே கணக்கைக் கெடுத்துவிடுமாம். வைட்டமின் ஈ குழாயை நர்ஸ் வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றினார். பார்க்க வந்திருந்த பாய் அதையே கவனித்துக்கொண்டிருந்தார்.

“ஜரிகைக்கட்டைய நானும் இப்படித்தான் சுத்தி வெக்கிறேன் சிஸ்டர். காத்து பட்டா கறுத்துடும்.”

“இது வெளிச்சம் பட்டா கெட்டுடும் பாய்.”

“அப்ப புள்ளைங்களுக்குள்ள இருக்கிற ஜரிகைன்னு சொல்லு” என்றார் பாய். நர்ஸ் சிரித்தார். ஜோக் சொல்லும் வேலையையும் வேறு ஆள் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

பதில் வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்தோம். அதற்குள் சொந்தக்காரர்கள் குரூப்பில் செய்தி பரவி, பழைய கும்பிடுகளுக்குப் பதிலாக வைத்தியங்கள் வந்தன. ஒரு சித்தப்பா செலினியம் மாத்திரையே ஒரு டப்பா வாங்கி அனுப்பிவிட்டார். டாக்டருக்குப் போன் போட்டேன். “தொடாதீங்க. அது கூடினாலும் விஷம். முடி கொட்டும், நகம் உடையும். ரிசல்ட் வரட்டும்” என்றார். எனக்கு ஏற்கெனவே பாதி முடி இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வைத்தேன். என் வாழ்நாளில் நான் விழுங்கிய முதல் ஜோக் அதுவாகத்தான் இருக்கும்.

ரிசல்ட் வந்தது. செலினியம் சரியாக இருந்தது. வைட்டமின் ஈ இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் தாள் எடுத்தார்.

“சொந்தத்துல கல்யாணமா?”

“மாமன் பொண்ணு டாக்டர். பொண்ணு தேடிச் செருப்புத் தேயாத ஒரே ஆள் எங்க தெருவுல நான்தான்.”

தாளில் எனக்கு ஒரு சதுரமும் சுமதிக்கு ஒரு வட்டமும் போட்டு, நடுவில் இரண்டு கோடு இழுத்தார். மேலே வரைந்த எங்கள் அப்பா அம்மாக்களுக்கு எல்லாம் ஒரே கோடு.

“எங்களுக்கு மட்டும் ஏன் டாக்டர் ரெண்டு?”

“ரத்த சொந்தம்னா ரெண்டு கோடு.”

சாப்பாட்டில் இருக்கும் வைட்டமின் ஈ அவன் குடலில் ஏறுகிறது, கல்லீரல்வரை போகிறது. அங்கிருந்து அதைத் தூக்கி ரத்தத்தில் விடுவதற்கு என்று ஒரு புரதம் இருக்க வேண்டும். அது இவனுக்கு வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். பின்னால் மரபணுப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது.

“தூக்குற ஆள் வரலைன்றீங்க” என்றேன்.

“ரொம்பச் சரி. தூக்குற ஆள் வரலை.”

நான் அதை ஜோக்காகச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்து ஜோக் ஆகாத வாக்கியம் எனக்கே விநோதமாக இருந்தது.

மீதியை என் தொழிலே எனக்குப் புரியவைத்தது. ஒவ்வொரு வேலைக்கும் உடம்பில் இரண்டு அட்டை, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் ஓட்டை தவறினாலும் மற்றது சமாளித்துவிடும். என்னிடம் ஒரு தப்பு அட்டை, சுமதியிடம் அதே தப்பு அட்டை, ஒரே தாத்தா வீட்டிலிருந்து வந்தது. இரண்டும் மித்ரனிடம் போய்ச் சேர்ந்தன. யார் பக்கத்துக் குறை என்று சண்டை போடக்கூட வழியில்லை. இரண்டு பக்கமும் ஒரே வீடு.

“மருந்து?” என்று கேட்டாள் சுமதி. அந்த நாட்களில் உருப்படியான கேள்விகளை எல்லாம் அவள்தான் கேட்டாள்.

“வைட்டமின் ஈயேதான். சாதாரணமா குடுக்கிறதைவிடப் பல மடங்கு. தூக்குற ஆள் இல்லைன்னாலும் கூட்டமா வந்தா கொஞ்சம் போய்ச் சேரும். தினமும், வாழ்நாள் முழுக்க. எண்ணெய், நெய் இருக்கிற சாப்பாட்டோட குடுக்கணும், அப்பதான் உடம்பு எடுத்துக்கும். இதுக்கு மேல மோசமாகாம நிறுத்திடலாம். போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. சின்னப் பையன், கொஞ்சம் திரும்பும்னு நம்பறேன்.”

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, “இன்னொரு குழந்தை இருக்கில்ல?” என்றார்.

மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை நீட்டினார்கள். பச்சை நிறத்தில் பளபளவென்று உருண்டை மாத்திரைகள். நானும் சுமதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதே வைட்டமின் மாத்திரைதான் கீதாவின் கண்ணாடி மேசையில் மூன்று வருடமாகக் கிடக்கிறது. ஊசியால் குத்திப் பிதுக்கி முகத்தில் தடவுவாள். ‘உம் மூஞ்சிக்கு இது பத்தாதுடி, டின்னுல வாங்கு’ என்று நான் கிண்டல் செய்த மாத்திரை. மித்ரனின் கால் அவளுடைய பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. மருந்தளவை இங்கே எழுத மாட்டேன். அது எடையையும் ரத்தத்தையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது. என்னைப் பார்த்து யாரும் கண்ணாடி மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து கீதாவிடம் சொன்னோம். எழுந்து போய்த் தன் மேசையிலிருந்த அட்டையை எடுத்துவந்து சாமி மாடத்தில் வைத்தாள். “இனிமே நான் மூஞ்சிக்குப் போட மாட்டேன் மாமா” என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். நான் அவள் மூஞ்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

யாழினியின் ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அவள் அப்போதுதான் ஓடப் பழகிக்கொண்டிருந்தாள். ஓடுகிற எல்லாக் குழந்தையும் கொஞ்சம் தள்ளாடும். அவள் ஓட எழுந்தாலே நானும் சுமதியும் பேச்சை நிறுத்திவிடுவோம். போனைக் கையில் எடுக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு யாளி டிசைனுக்கு ஐந்து கால் போட்டு அனுப்பிவிட்டேன். தறிக்காரர் போன் செய்து, “இன்னா குமாரு, கூட ஒரு கால் போட்டுக்கீற?” என்றார். “இருக்கட்டும், ஸ்பேர்” என்றேன்.

ரிசல்ட்டை டாக்டரே போனில் சொன்னார். அவளுக்கும் அதேதான். வைட்டமின் ஈ மிகக் குறைவு. ஆனால் கால் நரம்பில் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார்.

போனை வைத்துவிட்டுச் சுமதியிடம் சொன்னேன். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று என் முகத்துக்குத் தெரியவில்லை. சுமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப இவ ஆடவே மாட்டா இல்ல மாமா?”

“மாட்டா.”

“அவன் விழுந்துக்கினே இருந்ததாலதான் இவளுக்குத் தெரிஞ்சுது இல்ல?”

“ஆமா.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் இட்லி எடுத்துவைத்தாள். மிளகும் சுக்கும் நெய்யும் போட்ட எங்கள் ஊர் இட்லி. அதன்மேல் இன்னும் ஒரு கரண்டி நெய். மித்ரனுக்கு மாத்திரை முழுசாக. யாழினிக்கு ஊசியால் குத்தி, அளந்து, கரண்டியில் பிதுக்கி. அதில் கீதாவுக்குத்தான் கை பழகியிருந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் செய்வாள்.

மாற்றம் மெதுவாக வந்தது. இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. மூன்றாவது மாதம் மித்ரன் முகம் கழுவும்போது வாளியைப் பிடிக்காமல் இருந்தான் என்று சுமதி சொன்னாள். நம்பாமல் இருந்தேன். சுத்தியலில் இன்றுவரை அவன் பெயில்தான், கால் துள்ளுவதில்லை. ஒருவேளை எப்போதும் துள்ளாது என்கிறார் டாக்டர். நடையில் இன்னும் கொஞ்சம் அகலம் இருக்கிறது. பள்ளிக்கூட மாடிப்படியில் கைப்பிடி வேண்டும்.

இந்தப் பங்குனியில் என் தண்டு இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். மித்ரனோடு பாய் கடை வாசலில் நின்றேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது, அவன் கண்ணை மூடி நிற்கும் வீடியோ ஒன்று கொண்டுவரும்படி டாக்டரம்மா கேட்டிருந்தார். நான் எடுக்கவில்லை. என்னால் முடியவில்லை. பாய்தான் தன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாமி ஆடி அசைந்து வந்து கடை வாசலில் நின்றது. கற்பூரம் காட்டினார்கள். தெருவே கண்ணை மூடிக் கை கூப்பியது. மித்ரனும் காலைச் சேர்த்து வைத்து, கை கூப்பி, கண்ணை மூடினான்.

என் கை அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. லேசாகப் பின்னால் போனான். என் விரல்கள் விரிந்தன. தானே முன்னால் வந்தான். ஏழு. எட்டு. மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பதினைந்துவரை எண்ணினேன் என்று நினைக்கிறேன். அதற்குள் அவன் கண்ணைத் திறந்து என்னை அண்ணாந்து பார்த்தான்.

“அப்பா, நீ ஏம்பா கண்ணை மூடல? சாமி கண்ணைக் குத்தும்.”

பன்னிரண்டாவது வீடியோவில் என் குரல் எங்கேயும் இல்லை. மேளமும் அவனும்தான். டாக்டரம்மா அதைப் பார்க்க ஆரம்பித்ததும், என்னைக் கேட்காமல், சத்தத்தைக் கூட்டி வைத்தார்.